மிச்சம் வியாழக்கிழமை

பின்னேரம் ஐந்து மணி ஐந்து நிமிடம். ரோல்ஸுக்கு மா கரைத்துக்கொண்டிருந்த என் கை அப்போதுதான் நின்றது. அதற்கு முன்பு நாலு தடவை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். அந்த நாலு தடவையும் அது வெறும் நேரமாகத்தான் இருந்தது. ஐந்தாவது தடவை அது மகளைக் காணாத நேரமாக இருந்தது.

மகளுக்குப் பதினொரு வயது. பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கமுள்ள கொலேஜில், அதுதான் நடுநிலைப் பள்ளியில், அந்த வருடம்தான் சேர்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் நாலரைக்கு விடுவார்கள். மேலே மெட்ரோ ஓடுகிற இரும்புப் பாலத்தின் கீழால் நேரே நடந்தால் லா சப்பலில் எங்கள் வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். சிநேகிதிகளோடு நின்று கதைத்தால் இருபது. வெதுப்பகத்துக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தால் இருபத்தைந்து. எப்படி இழுத்தாலும் ஐந்து மணிக்கு மேல் அவளுக்குக் கொடுக்க என்னிடம் நிமிடம் இல்லை.

போன் அவளிடம் இல்லை. காலையில் சார்ஜில் போட்டபடி விட்டுவிட்டுப் போயிருந்தாள். வீட்டுத் திறப்பும் இல்லை. கொடுத்தால் தொலைப்பாள், தொலைந்ததை யாராவது எடுப்பான், எடுத்தவன் வீட்டைக் கண்டுபிடிப்பான் என்று என் மனம் ஓடியதில் கடைசிவரை கொடுக்கவேயில்லை. நீ வாற நேரம் நான் வீட்டில்தானே இருப்பேன், உனக்கு எதற்குத் திறப்பு என்று சொல்லியிருந்தேன். மத்தியானம் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் பரிமாறித் தட்டுக் கழுவுவது என் வேலை. மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. மூலையில் அவளுடைய சிவப்புத் தொப்பி திரும்பவில்லை.

உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் அவள் கேட்டது. அன்றைக்கு வகுப்பில் அவளுடைய எக்ஸ்போஸே. எல்லாருக்கும் முன்னால் நின்று ஒரு விஷயத்தைப் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். உலகம் எப்படித் தொடங்கியது என்று பழைய காலத்து மக்கள் சொன்ன கதைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு விழுந்தது கிரேக்கரின் கதை.

இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம். மகளின் படிப்பில் எனக்குத் தெரிந்த ஒன்று வந்தது அந்த ஒரு தடவைதான். கணக்கை அவள் பிரெஞ்சில் யோசிப்பாள், நான் தமிழில் யோசித்து முடிப்பதற்குள் விடை எழுதியிருப்பாள். வரலாறு அவர்களுடைய வரலாறு. ஆசிரியர் சந்திப்புகளில் எனக்கும் ஆசிரியருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்காருபவளும் அவள்தான். தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்ப்பாள், கொஞ்சம் சுருக்கி.

ஆனால் ஊரில் உயர்தர வகுப்பில் என் பாடங்களில் ஒன்று கிரேக்க உரோம நாகரிகம். இதைச் சொன்னால் இங்கே பிறந்த பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் பக்கத்தில் கலைப்பிரிவு எடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்தோம். பாடத்திட்டம் சின்னது, புள்ளி விழும் என்று சொல்வார்கள். ஒரு கிரேக்கரையும் கண்டதில்லை. ஒலிவ் காயைக்கூட பாரிஸுக்கு வந்த பிறகுதான் கண்டேன். ஆனால் யார் யாருக்கு மகன், யார் யாரை விழுங்கினார் என்பதெல்லாம் மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் அவளை இருத்தி, குறிப்பும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல் சொல்லத் தொடங்கினேன்.

"முதலிலை ஒண்டும் இல்லை. வெறும் வெளி. அதுக்குப் பேர் கேயோஸ்."

"கா-ஓ" என்று திருத்தினாள்.

"சரி, கா-ஓ. அதுக்குப் பிறகு பூமி வந்தா. கயா. அவ தானாகவே வானத்தைப் பெத்தா. பிறகு வானத்தோடை சேந்து கனபேரைப் பெத்தா. அதிலை கடைக்குட்டி குறோனஸ். தகப்பனை விழுத்திப்போட்டு அரசனானவர். தன்ரை பிள்ளையளும் தன்னை அப்பிடிச் செய்துபோடும் எண்டு பயந்து, பிறக்கப் பிறக்க விழுங்கினவர்."

"சப்பாமலோ?"

"சப்பாமல்."

"என்னை மட்டும் நல்லாச் சப்பித் தின் எண்டு சொல்லுறீங்கள். அவருக்கு அம்மா சொல்லிக் குடுக்கேல்லையோ?"

"அவற்றை அம்மாதான் பூமி எண்டு சொன்னனே."

"அப்ப அவ கட்டாயம் ஏசியிருப்பா" என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

கடைசிப் பிள்ளைக்குப் பதிலாகத் தாய் ரியா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்ததையும், அவர் அதையும் பார்க்காமல் விழுங்கியதையும், தப்பிய பிள்ளை சியூஸ் வளர்ந்து வந்து எல்லாரையும் கக்க வைத்ததையும் சொன்னேன். வெளியே வரும்போது அவர்கள் குழந்தைகளாகவே இருந்தார்களா, உள்ளேயே வளர்ந்துவிட்டார்களா என்று கேட்டாள். எங்களுக்குப் படிப்பித்தவர் அதைச் சொல்லவில்லை.

அவர் சொன்னது படிப்பினைகள். ஒவ்வொரு கதை முடிவிலும் தடித்த எழுத்தில் 'படிப்பினை' என்று எழுதச் சொல்லி, கீழே அடிக்கோடு போடச் சொல்லி, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொல்வார். 'பிள்ளைகளைக் கண்டு அஞ்சுகிறவன் அந்த அச்சத்தாலேயே வீழ்வான்.' அதை மகளுக்கு விளக்கினேன். அவள் பிரெஞ்சில் எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களும் என்னைச் சிநேகிதியின்ரை பிறந்தநாளுக்கு விடேல்லைத்தானே. எல்லாரும் பிஸீனுக்குப் போனவை. நான் மட்டும் வீட்டிலை. அதுவும் விழுங்கிறதுதான்."

சிரித்தேன். நீச்சல் குளத்தில் தண்ணீரின் ஆழம் எனக்குத் தெரியாது, யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் தெரியாது, அதனால் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதற்குச் சிரிக்க முடிந்தது.

பிறகு மனிதரின் கதை. புறோமிதியஸ் களிமண்ணைக் குழைத்து மனிதரைச் செய்ததும், அவர்கள் குளிரில் நடுங்குவதைப் பார்த்துத் தேவர்களின் நெருப்பைத் திருடிக் கொடுத்ததும். அதற்குத் தண்டனையாகச் சியூஸ் ஒரு பெண்ணைச் செய்வித்து, கையில் ஒரு சாடியும் கொடுத்து, திறக்காதே என்று சொல்லி அனுப்பியது. பண்டோரா திறந்தாள். நோய், பொய், பொறாமை, முதுமை எல்லாம் பறந்துபோயின. சாடி வெறுமையாயிற்று.

என் கொப்பியில் கடைசி வரி அதுதான். 'சாடி வெறுமையாயிற்று' என்று எழுதி, அடுத்த வரியில் 'படிப்பினை' என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடு போட அடிமட்டத்தை வைத்தபோது ஒருவர் சைக்கிளில் வந்து ஆசிரியரை வாசலுக்குக் கூப்பிட்டார். இரண்டு நிமிடம் கதைத்தார்கள். ஆசிரியர் திரும்பி வந்து வெண்கட்டியை வைத்துவிட்டு, "மிச்சம் வியாழக்கிழமை. எல்லாரும் நேரா வீட்டை போங்கோ" என்றார்.

அந்த வியாழக்கிழமை எங்கள் ஊரில் யாரும் இருக்கவில்லை. சண்டை நெருங்கி வர, ஊரோடு எழும்பி நடந்துகொண்டிருந்தோம். கொப்பிகள் எங்கேயோ போயின. பிறகு வன்னியில் இருந்து பரீட்சை எழுதினேன். பண்டோராவைப் பற்றிக் கேள்வி வரவில்லை. மிச்சம் என்று அவர் சொன்னது படிப்பினையை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கதை முடிந்துவிட்டது, அதன் பாடம் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை என்று முப்பது வருடம் நம்பியிருந்தேன். யாரிடமும் கேட்கவும் தோன்றவில்லை. எல்லாம் பறந்து போய்ச் சாடி வெறுமையாவது எனக்கு முடிவு மாதிரித்தான் தெரிந்தது.

ஆகவே படிப்பினையை நானே செய்தேன். "எழுது. பெரியவை திறக்காதை எண்டு சொன்னால் திறக்கக் கூடாது."

"திறக்கக் கூடாது எண்டால் அவவிட்டை ஏன் குடுத்தவை?"

"அது சோதினை."

"இல்லை. அது பொறி" என்றாள். ஆனாலும் எழுதினாள். நான் சொன்னதை எல்லாம் எழுதினாள். ஒரு சாடியும் கீறி, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்கு வெள்ளையாக விட்டாள். திங்கட்கிழமை பின்னேரம் முழுவதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகினாள். நான் சமையலறையில் நின்று கேட்டேன். பிரெஞ்சு எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் அந்தப் பெயர்கள் வரும் ஒவ்வொரு தடவையும் அது நான் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து இருபதுக்குக் கொலேஜுக்குப் போன் அடித்தேன். எடுத்த பெண் பெயரைக் கேட்டாள், தட்டச்சினாள், நாலரைக்கு வெளியே போய்விட்டாள் மடாம் என்றாள். தனியாகவா என்று கேட்டேன். அதற்கு அவள் வேகமாகச் சொன்ன பதிலில் எனக்கு விளங்கியது மடாம் மட்டும்தான். இன்னொரு தடவை கேட்க வெட்கமாக இருந்தது. பிள்ளையைக் காணாத நேரத்திலும் பிழையான பிரெஞ்சுக்கு வெட்கப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கணவருக்கு அடித்தேன். அவருக்குப் பாரிஸுக்கு வெளியே பொண்டியில் ஒரு உணவகத்துச் சமையலறையில் வேலை. வேலை நேரத்தில் போனை அலுமாரிக்குள் பூட்டிவிடுவார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வீட்டில் இருக்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. திறப்பு என்னிடம். நான் போன நேரம் அவள் வந்தால் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பாள். ஒரு கடதாசியில் 'அம்மா தேடிப் போறன். இதிலேயே நில்' என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். கீழே இறங்கிய பிறகுதான் தமிழில் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மேலே ஏறவில்லை. எழுத்துக் கூட்டியாவது வாசிக்கட்டும் என்று ஓடினேன்.

பாலத்தின் கீழால் ஸ்டாலின்கிராட் வரை போனேன். எதிரே வந்த ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் பார்த்தேன். சிவப்புத் தொப்பிகள் எத்தனை இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொலேஜ் வாசல் பூட்டிக் கிடந்தது. அதற்கு அங்கால் கால்வாய். கரையோரம் போனேன். ஆனால் தண்ணீரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே தேடுகிறேன் என்று ஆகிவிடும்.

பேர்ஸுக்குள் அவளுடைய படம் ஒன்று இருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்தது. சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படம். அதைக் கையில் எடுத்து, கரை வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் காட்டப் போனேன். போகும்போதே என் கையைக் கண்டேன். நெஞ்சுக்கு நேரே படத்தைப் பிடித்திருந்த அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி. ஊரில் கச்சேரி என்கிற அரச அலுவலகத்து வாசலில், வெயிலில், காணாமல் போன பிள்ளைகளின் படத்தை வருடக் கணக்காக அப்படிப் பிடித்துக்கொண்டு இருந்த தாய்மாரைக் கண்டிருக்கிறேன். படத்தைத் திரும்பப் பேர்ஸுக்குள் வைத்துவிட்டேன். அதைக் காட்டிவிட்டால் நானும் அவர்களில் ஒருத்தி.

படத்தைக் காட்டாமல் விட்ட நான் அதைவிடப் பெரிய பிழையைச் செய்தேன். லா சப்பல் மெட்ரோப் படியடியில் நின்று, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அம்மாமாரின் போன் குழுவில் குரல் செய்தி ஒன்று போட்டேன். ஆறு மணி ஏழு நிமிடம். மகளின் பெயர் சொன்னேன், கொலேஜ் சொன்னேன், காணவில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் அழுதுவிட்டேன். அழுதபடியே அனுப்பிவிட்டேன்.

பதில்கள் வந்து விழுந்தன.

"என்ன கலர் ஜக்கெற் போட்டவ?"

"பொலிசுக்கு அடிச்சனீங்களோ?"

"சார்செலிலையும் பிள்ளை பிடிக்கிற வெள்ளை வான் ஒண்டு திரியுதாம். எங்கடை பக்கத்து வீட்டுக்காரர் கண்டவராம்."

"ஆரோடை பழக்கம் எண்டு விசாரிச்சுப் பாருங்கோ. பதினொண்டு எண்டு நினையாதேங்கோ, இந்தக் காலத்துப் பதினொண்டு."

கடைசிச் செய்தியை எழுதியவர் என் மகளுக்குப் பிறந்தநாளுக்குச் சட்டை தந்தவர். பத்து நிமிடத்தில் வேறு யாரோ, லா சப்பலில் தமிழ்ப் பிள்ளையைக் கடத்திவிட்டார்களாம், எல்லாருக்கும் பகிருங்கள் என்று போட்டார். என் குரலை அழிக்கப் போனேன். அழித்தேன். அதற்குள் வேறொரு குழுவில் இருந்த ஒருவர், 'இது உங்கடை பக்கம்தானே, தெரியுமோ?' என்று கேட்டு அதே குரலை எனக்கே அனுப்பினார். என் அழுகையே எனக்கு வந்து சேர்ந்தது. அழுத்திக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. சனங்கள் மரக்கறிப் பைகளோடு என்னை இடித்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் என் மொழிதான் பேசினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு முகமும் இல்லை.

லண்டனில் இருந்து கணவரின் தங்கை அடித்தாள். "மச்சாள், என்ன நடந்தது? கனடாவிலையிருந்து கேக்கினம்."

கனடாவுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையின் தகப்பனுக்கு இன்னும் தெரியாது.

அந்தக் குரல் இன்றைக்கும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் மகளின் கன்னத்தைத் தொட்டு, "இவதானே அண்டைக்குக் காணாமல் போன பிள்ளை?" என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

கடைசியில் எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் இருக்கிற அக்கா என்னைக் கண்டார். மன்னார்ப் பக்கம். லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் நிற்கிறவர். அவருக்கும் செய்தி போயிருந்தது. கையில் ஒரு பிடி முருங்கைக்காயோடு கடைக்கு வெளியே வந்தார்.

"பிள்ளை, வீட்டுத் திறப்பு ஆரிட்டை?"

"என்னட்டை அக்கா."

"அப்ப அவ வந்தால் எங்கை நிப்பா? நீர் இஞ்சை நிண்டு அழுதால் மெட்ரோ நிக்காது. நடவும் வீட்டை."

முருங்கைக்காயை முதலாளியின் கையில் திணித்துவிட்டு என்னோடு வந்தார். வழியில், "அந்தோனியாருக்கு நேந்துபோட்டன்" என்றார்.

"அவர் திறப்புத் துலைஞ்சால் தேடித் தாறவர் எண்டெல்லோ சொல்லுவீங்கள்."

"பிள்ளையும் தேடித் தருவார். நீர் சைவம் எண்டு பாக்கமாட்டார். ஏழு மணிக்கு வரேல்லை எண்டால் நானும் நீரும் பொலிசுக்குப் போறம். அந்தோனியார் அதுக்குக் கோவிக்கமாட்டார்."

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் என் நடை நின்றுவிட்டது. இங்கே அவர்கள் தேடித் தருகிறவர்கள் என்று தெரியும். தெரிவது மூளைக்கு. காலுக்கு வேறொரு பொலிஸ்தான் இன்னும் ஞாபகம்.

கதவில் கடதாசி நான் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே போகப் பிடிக்கவில்லை. மேசையில் அவளுடைய போன், அடுப்படியில் கரைத்த மா. வாசலுக்கு முன்னால் படியில் உட்கார்ந்தேன். அக்கா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கீழே போனார். கடதாசியில் இருந்ததைக் கடைசியில் நானே செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் படி விளக்கு இரண்டு நிமிடம்தான் எரியும். பிறகு தானாக அணையும். எழுந்து பொத்தானை அமத்த வேண்டும். முதலில் ஒவ்வொரு தடவையும் எழுந்து அமத்தினேன். அவள் வரும்போது இருட்டாக இருக்கக் கூடாது. பிறகு எழுந்திருக்க முடியாமல் இருட்டிலேயே இருந்தேன்.

கணவர் அடித்தார். இடைவேளைக்குப் போனை எடுத்தவருக்குத் தவறிய அழைப்புகள் முப்பதோ நாற்பதோ. பாதி லண்டன்.

"என்னத்துக்கப்பா குழுவிலை போட்டனீர்?"

"பயத்திலை போட்டுட்டன்."

அவர் பக்கத்தில் சட்டிகள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு, "வெளிக்கிட்டுட்டன்" என்றார். வேலை முடியுமுன் அவர் வெளிக்கிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இருட்டில் அந்தக் கதைகள்தான் வந்தன. ஆசிரியர் சொன்ன மாதிரி, சொல்லுக்குச் சொல், இரண்டிரண்டு தரம். முதலில் ஒன்றும் இல்லை. வெறும் வெளி. பிள்ளைகளை வயிற்றுக்குள் வைத்துக் காக்கலாம் என்று நினைத்த அந்தத் தகப்பனை நான் பரீட்சைக்காகக் கொடியவன் என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் படியில் இருந்தபோது அவர் கொடியவராகத் தெரியவில்லை. விழுங்கியவரும் பயந்துதான் விழுங்கினார். விழுங்கியது பிள்ளைதானா கல்லா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு என் மகளைப் பற்றி என்ன தெரியும்? அவள் வரும் நேரம் தெரியும். தொப்பியின் நிறம் தெரியும். நாலரைக்கும் நாலே முக்காலுக்கும் இடையில் அவள் யாரோடு சிரிக்கிறாள் என்று கேட்டதில்லை.

பிறகு சாடி. எனக்குத் தெரிந்த கதையில் மூடி திறந்தால் எல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு ஒரு தலைப்பும் அடிக்கோடும் மட்டும். அந்தக் கதையை வைத்துக்கொண்டுதான் நான் அங்கே இருந்தேன். அக்காவிடம் அந்தோனியாராவது இருந்தார்.

கீழே கதவு திறந்தது. கனமான காலடி. மூன்றாம் மாடிக்காரர். என்னைத் தாண்டிப் போகும்போது பொன்சுவார் என்றார். நானும் பொன்சுவார் என்றேன். பிறகு அக்காவின் செருப்பு. தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, "ஏழு ஆகுது. உடுப்பு மாத்திக்கொண்டு வாறன், பொலிசுக்குப் போவம்" என்று திரும்ப இறங்கினார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

ஏழு பத்துக்குக் கீழ்க் கதவு இன்னொரு தடவை திறந்தது. இரண்டு படிகளுக்கு ஒரு காலடி. அப்படி ஏறாதே, விழுவாய் என்று நான் ஒவ்வொரு நாளும் ஏசுகிற ஏற்றம். கீழ் மாடியில் அக்கா "என்ரை யேசுவே!" என்று கத்தியது கேட்டது. காலடி நிற்கவில்லை.

அவள் வந்தாள். தொப்பி கையில், ஜக்கெற் திறந்தபடி. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அழவில்லை.

"ஏன் அம்மா வெளியிலை இருக்கிறீங்கள்?"

நான் எழுந்தேன். தேத்தண்ணி கவிழ்ந்து படியால் ஓடியது. என் கை உயர்ந்தது. அடிக்கவா அணைக்கவா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டது.

"எங்கை போனனீ?"

"பிப்ளியோதெக், லைப்ரரி. பத்து நிமிசத்திலை வந்திடலாம் எண்டு நினைச்சன். பிறகு நேரம் தெரியேல்லை. வெளிச்சத்தை நூத்து நூத்துப் போட்டவை, மூடப்போறம் எண்டு. அப்பதான் பாத்தன்."

"ஏன் போனனீ?"

அவள் படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எக்ஸ்போஸே நல்லாகத்தான் போனதாம். விழுங்கின இடத்தில் எல்லாரும் சிரித்தார்களாம். சாடி வெறுமையாயிற்று என்று சொன்னபோது ஆசிரியை அது அப்படியில்லை, எங்கே வாசித்தாய் என்று கேட்டாவாம்.

"என்ரை அம்மா சோதினைக்குப் படிச்சவ எண்டு சொன்னன். பின்னுக்கு இருந்தவை சிரிச்சவை. மடாம் சிரிக்கேல்லை. பாத்துக்கொண்டு வா எண்டு சொன்னவ. நீங்கள் சொன்ன மாதிரி எழுதின புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவம் எண்டுதான் போனனான்."

விளக்கு அணைந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. கீழே அக்கா யாருக்கோ போனில், "வந்திட்டா, வந்திட்டா, எல்லாருக்கும் சொல்லுங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏழு புத்தகம் பாத்தன் அம்மா. சின்னப் பிள்ளையளின்ரையும் பாத்தன், பெரிய ஆக்களின்ரையும் பாத்தன்" என்றாள். கோபம் இல்லை. என்மேல் இரக்கப்படுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள். "ஒண்டிலையும் வெறுமை இல்லை. அவ கடைசியிலை மூடியைப் போட்டிட்டா. உள்ளுக்கை ஒண்டு மிஞ்சிப்போச்சுது. எஸ்புவார். நம்பிக்கை. அது அடியிலையே இருக்குது. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?"